கலைப்பிரிவும் அறிவியல் பிரிவும்: ஈப்போ பள்ளிகளில் நம் பிள்ளைகள் நடந்த பாதை

(சங்கத்தின் பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



 

ஐம்பது ஆண்டுகள் ஒரு சங்கம் நிலைத்து நிற்பது சாதாரணக் காரியமல்ல. அல்ஹம்துலில்லாஹ். இந்த நல்ல நாளில் கல்வியைப் பற்றிப் பேசுமாறு பணித்தார்கள். கல்வி என்பது கடல். அதில் ஒரு துறையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம் பேராக் மாநிலத்து இடைநிலைப்பள்ளிகளில் கலைப்பிரிவு, அறிவியல் பிரிவு என்று இரண்டு வாசல்கள் இருந்தன. எந்தப் பிள்ளை எந்த வாசலில் நுழைந்தது, ஏன் நுழைந்தது, அதனால் நம் குடும்பங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பார்ப்போம். பழங்கதை பேசுவதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இன்று மூன்றாம் படிவத்தில் பிள்ளை வைத்திருக்கும் ஒவ்வொரு பெற்றோருக்கும் இதில் வேலை இருக்கிறது.

முதலில் பள்ளிகளைப் பற்றிச் சொல்கிறேன். தைப்பிங்கில் கிங் எட்வர்ட் பள்ளியின் தொடக்கம் 1883. ஈப்போவில் மெதடிஸ்ட் பாதிரியார் ஹார்லி ஆங்கிலோ சைனீஸ் பள்ளியைத் தொடங்கியது 1895. பெண்களுக்கான கான்வென்ட் 1907. ஆண்டர்சன் பள்ளி 1909; அன்றைய ஆளுநர் சர் ஜான் ஆண்டர்சனின் பெயரைத் தாங்கியது. செயின்ட் மைக்கேல் 1912. ஈப்போ பாடாங் ஓரத்தில் அந்தப் பள்ளியின் பெரிய கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் பக்கத்திலேயே இருக்கிறது நம் இந்திய முஸ்லிம் பள்ளிவாசல். அது 1908-இல் எழுந்தது. ஆக, நம்மவர்கள் ஐந்து வேளையும் தொழுத இடத்துக்குப் பக்கத்திலேயே நாட்டின் பெயர்பெற்ற பள்ளிக்கூடம் ஒன்று இருந்திருக்கிறது. ஆனால் பக்கத்தில் இருந்ததெல்லாம் கைக்கு எட்டியதா என்றால், இல்லை.

பட்டணத்தில் கடை வைத்திருந்தவர்களின் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பள்ளி நடந்து போகும் தூரம். தோட்டத்தில் இருந்தவர்களின் நிலை வேறு. 1877-இல் கோலகங்சாரில் ஹியூ லோ நட்ட ரப்பர் மரங்களிலிருந்து இந்த மாநிலத்தின் தோட்ட வரலாறு தொடங்குகிறது. அதற்குப் பிறகு சுங்கை சிப்புட், செம்மோர், தஞ்சோங் ரம்புத்தான், பத்து காஜா என்று எங்கே திரும்பினாலும் ரப்பர் காடுதான். பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்படித்தான் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பெருகின. டோவன்பி, எல்பில், ஸ்திராதிஸ்லா என்று வெள்ளைக்காரத் துரைமார் வைத்த தோட்டப் பெயர்களை இன்றும் நம் தமிழ்ப்பள்ளிகள் சுமந்துகொண்டிருக்கின்றன. இன்று பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் இருப்பதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

தோட்டங்களில் நம் சமுதாயத்தவர் பெரும்பாலும் கடைக்காரர்களாக இருந்தார்கள். மளிகைக்கடை, துணி மூட்டை, சாப்பாட்டுக்கடை. பால்மரம் வெட்டியவர்களும் உண்டு, கிராணி வேலை பார்த்தவர்களும் உண்டு. யாராக இருந்தாலும் பிள்ளைக்கு ஆறாம் வகுப்பு வரை அந்தத் தோட்டப் பள்ளிதான். காலையில் தமிழ்ப்பள்ளி, மாலையில் ஓதுகிற பள்ளி. அதற்கு மேலே படிக்க வேண்டுமென்றால் பட்டணத்துக்கு வர வேண்டும்.

அந்த வழியும் எளிதில் திறக்கவில்லை. அறுபதுகளின் நடுப்பகுதி வரை ஆறாம் வகுப்பு முடிவில் ஒரு நுழைவுத் தேர்வு இருந்தது. அதில் தேறாத பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வயதிலேயே படிப்பு முடிந்தது. பையன் கடைக்குப் போனான், அல்லது வெளிக்காட்டு வேலைக்குப் போனான். பெண் பிள்ளை அடுப்படிக்குப் போனது. 1965-இல் அந்தத் தேர்வு எடுக்கப்பட்டு, எல்லாப் பிள்ளைகளும் மூன்றாம் படிவம் வரை போகலாம் என்று வந்தது. நம் மக்களின் படிப்பு வரலாற்றில் இது பெரிய திருப்பம். இதைக் கொண்டு வந்தவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளை நேரே முதலாம் படிவத்துக்குப் போகவில்லை. புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்தது. அந்த ஓராண்டில் புதிய மொழியைப் பிடிக்க வேண்டும். கணக்கில் கெட்டிக்காரனாக இருந்த பையன் வாய் திறக்க முடியாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பான். விடை தெரியும், சொல்ல மொழி இருக்காது. ஆசிரியராக இருந்தவர்கள் அப்படிப்பட்ட பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறோம். அந்த ஓராண்டை நல்ல ஆசிரியரிடம் கழித்த பிள்ளை தலை நிமிர்ந்தது. அந்த வாய்ப்புக் கிடைக்காத பிள்ளை மூன்றாண்டு கழித்து எல்.சி.இ. தேர்வில் விழுந்தது.

இந்த எல்.சி.இ. தேர்வுதான் கலையையும் அறிவியலையும் பிரித்த கத்தி. மூன்றாம் படிவத்து முடிவில் கணிதத்திலும் அறிவியலிலும் நல்ல புள்ளி எடுத்தவர் அறிவியல் பிரிவு. அடுத்தவர் கலைப்பிரிவு. சில பள்ளிகளில் வணிகப் பிரிவும் இருந்தது. தொழில்நுட்பம், தொழிற்பயிற்சி என்று வேறு பள்ளிகளும் இருந்தன. பிள்ளைக்கு எதில் ஆசை என்று கேட்டவர்கள் குறைவு. பட்டியல் ஒட்டுவார்கள், பெயரைப் பார்த்து வகுப்புக்குப் போக வேண்டியதுதான்.

அறிவியல் பிரிவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், கூடுதல் கணிதம். கையில் நான்கு இலக்க மடக்கை அட்டவணை. கூடத்தில் எரிவாயு விளக்கு, புரைவை, சோதனைக்குழாய், தவளையை அறுக்கும் மெழுகுத்தட்டு. கலைப்பிரிவில் வரலாறு, புவியியல், இலக்கியம், ஓவியம், பொது அறிவியல். வணிகம், கணக்கியல் எடுத்தவர்களும் உண்டு. ஆறாம் படிவம் போனால் பொருளாதாரமும் பொதுத்தாளும் சேர்ந்துகொள்ளும்.

அரசாங்கத்தின் கொள்கையும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அறிவியல், தொழில்நுட்பத்துக்கு 60 விழுக்காடு, கலைக்கு 40 விழுக்காடு என்ற இலக்கு 1967-இல் வகுக்கப்பட்டு 1970-இல் நடைமுறைக்கு வந்தது. வளரும் நாட்டுக்குப் பொறியியலாளரும் மருத்துவரும் வேண்டும். அது நியாயமான தேவை. ஆனால் அந்தக் கணக்கு வீட்டுக்குள் வந்தபோது வேறு பொருள் எடுத்துக்கொண்டது. அறிவியல் பிரிவு என்றால் புத்திசாலி, கலைப்பிரிவு என்றால் மிச்சம் என்று ஆகிவிட்டது. கல்யாணப் பேச்சில்கூட, பையன் அறிவியல் படித்தவனா என்று கேட்ட காலம் அது.

நம் பிள்ளைகள் பலர் கலைப்பிரிவில் சேர்ந்ததற்கு அறிவு மட்டுமா காரணம்? இல்லை. தோட்டத்துப் பள்ளியில் ஆய்வுக்கூடம் இல்லை. புகுமுக வகுப்பில் போன ஓராண்டு. இதற்கு மேல், அறிவியல் பிரிவில் சேர்ந்த பிள்ளை மதியத்துக்குப் பிறகும் செய்முறைப் பயிற்சிக்கு இருக்க வேண்டும். தோட்டத்துப் பேருந்தோ குறித்த நேரத்துக்குப் புறப்பட்டுவிடும். அதைத் தவறவிட்டால் செம்மண் சாலையில் மைல் கணக்காக நடக்க வேண்டும். கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு வேறு பிரச்சினை: மதியக் கூட்டத்துக்குக் கடையில் ஆள் வேண்டும். பாடநூல் வாங்கும் செலவும் இருந்தது. பாடநூல் இரவல் திட்டம் 1975-இல்தான் வந்தது. ஆகவே பட்டியலில் பெயர் எங்கே இருக்கிறது என்பதைப் பேருந்தும் கடையும் புத்தக விலையும் சேர்ந்துதான் முடிவு செய்தன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கலையும் அறிவியலும் தனித்தனி என்று பள்ளிதான் பிரித்தது, வாழ்க்கை பிரிக்கவில்லை. தோட்டத்தில் பிறந்த பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் மரம் வெட்டுவதைப் பார்த்திருக்கிறது. பாலை எடைபோட்டுத் தொட்டியில் ஊற்றி ஃபார்மிக் அமிலம் கலந்து உறைய வைப்பதையும், உருளையில் கொடுத்துத் தகடாக்கிப் புகைவீட்டில் தொங்கவிடுவதையும் பார்த்திருக்கிறது. வேதியியல் வகுப்பில் அதே அமிலம் அலமாரியில் இருந்தது. புவியியல் வகுப்பில் அதே ரப்பர் ஒரு பாடமாக இருந்தது. வரலாற்று வகுப்பில் அதே மரம் கோலகங்சாருக்கு எப்படி வந்தது என்ற கதை இருந்தது. பொருளாதாரத்தில் அதே ரப்பரின் விலை ஏற்ற இறக்கம். அந்தப் பிள்ளைக்கு எல்லாப் பாடமும் தன் வீட்டுக் கொல்லையிலேயே இருந்தது. இதை எடுத்துச் சொல்ல ஓர் ஆசிரியர் வாய்த்துவிட்டால் அந்தப் பிள்ளை எந்தப் பிரிவிலும் வெற்றி பெறும்.

கலைப்பிரிவு மிச்சம் பேருக்கான இடம் அல்ல என்பதற்கு நம் ஈப்போவிலேயே சாட்சி உண்டு. கார்ட்டூன் ஓவியர் டத்தோ லாட்டைத் தெரியாதவர் இந்த மண்டபத்தில் இருக்க முடியாது. 1951-இல் பிறந்தவர், ஆண்டர்சன் பள்ளி மாணவர். 1968-இல் பள்ளிப் படிப்பை முடித்தபோது அவருக்குக் கிடைத்தது மூன்றாம் நிலை. அந்தத் தேர்ச்சி மேற்படிப்புக்குப் போதவில்லை. பத்திரிகை அலுவலகத்தில் ஓவியர் வேலை கேட்டார். இடமில்லை என்று நிருபர் வேலை கொடுத்தார்கள். அவர் வரைவதை விடவில்லை. 1979-இல் வந்த ‘கம்போங் பாய்’ நூலும், 1981-இல் வந்த ‘டவுன் பாய்’ நூலும் நம் பேராக்கை உலகத்துக்குக் காட்டின. இரண்டாவது நூலில் அன்றைய ஈப்போப் பட்டணமும் பள்ளி வாழ்க்கையும் அப்படியே இருக்கின்றன. 1994-இல் பேராக் சுல்தான் அவருக்கு டத்தோ பட்டம் வழங்கினார். தேர்வுச் சான்றிதழில் இருந்த நிலை ஒன்று. அவருடைய நிலை வேறொன்று. நம் வீட்டில் நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் படம் வரையும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன் இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

நம் சங்கம் தோன்றிய எழுபதுகள் இன்னொரு பெரிய மாற்றத்தின் காலம். ஆங்கிலப் பள்ளிகளில் 1970-இல் முதலாம் வகுப்பில் மலாய் மொழி பயிற்று மொழியானது. ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலே ஏறி, 1976-இல் முதலாம் படிவம், 1978-இல் மூன்றாம் படிவம், 1980-இல் ஐந்தாம் படிவம் என்று வந்தது. எல்.சி.இ. போய் எஸ்.ஆர்.பி., எம்.சி.இ. போய் எஸ்.பி.எம்., 1982-இல் எச்.எஸ்.சி. போய் எஸ்.டி.பி.எம். ஒரே வீட்டில் அண்ணன் ஆங்கிலத்தில் வரலாறு படித்தான், தம்பி மலாயில் படித்தான். அண்ணனின் பழைய புத்தகம் தம்பிக்கு உதவவில்லை.

இந்த மாற்றத்தில் நம் சமுதாயத்துக்கு ஒரு நன்மை இருந்தது. கடையிலும் பள்ளிவாசலிலும் மலாய்க்காரர்களோடு பழகியதால் நம் பிள்ளைகளுக்கு அந்த மொழி எளிதில் வந்தது. தேசிய மொழியில் தேர்ச்சி இல்லாமல் சான்றிதழ் இல்லை என்ற நிலையில் அது பெரிய பலம். ஆனால் அதே நேரத்தில் ஒன்று கைநழுவியது. பல குடும்பங்கள் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பாமல் நேரே தேசியப்பள்ளிக்கு அனுப்பின. இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு பள்ளி நேரத்துக்கு வெளியே நடந்தது. சில இடங்களில் சனிக்கிழமை. பேருந்துச் சிக்கல் அங்கேயும் வந்தது. கால அட்டவணையில் இடமில்லாத பாடம் வீட்டாரின் மனத்திலும் இடம் இழந்தது. அறிவியல் பிரிவுப் பிள்ளைக்குத் தமிழ் எதற்கு என்றார்கள். கலைப்பிரிவுப் பிள்ளைக்கும் தமிழ் இலக்கியம் கஷ்டம் என்றார்கள். இப்படி இரண்டு பக்கமும் விட்டுவிட்டோம்.

நாம் யார் என்பதை மறந்துதான் அப்படி விட்டோம். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் நம்மவர். குணங்குடி மஸ்தான் சாகிபு நம்மவர். தமிழின் முதல் நாவல்களுள் ஒன்றான ‘அசன்பே சரித்திரம்’ 1885-இல் இலங்கையைச் சேர்ந்த சித்திலெப்பை எழுதியது. நம் அண்டை நகரான சிங்கப்பூரில் 1887-இல் ‘சிங்கை நேசன்’ என்ற தமிழ் வார இதழைத் தொடங்கியவர் மகுதூம் சாயபு. நம் நாட்டிலேயே சை. பீர்முகம்மது கதைகள் எழுதியதோடு நில்லாமல், மலேசியச் சிறுகதைகளை ‘வேரும் வாழ்வும்’ என்று தொகுத்தும் கொடுத்தார். தமிழ் இலக்கியத்தைப் படிக்கும் முஸ்லிம் பிள்ளை தன் முன்னோர் கட்டிய வீட்டுக்குள்தான் நுழைகிறது.

தமிழ் படித்தவர்களுக்கு வழி இல்லாமலும் போகவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956-இல் சிங்கப்பூரில் தொடங்கிப் பிறகு கோலாலம்பூருக்கு வந்தது. தனிநாயக அடிகள் அதன் தலைவராக இருந்த காலத்தில்தான் முதல் உலகத் தமிழ் மாநாடு 1966-இல் கோலாலம்பூரில் நடந்தது. நம் மாநிலத்திலேயே தஞ்சோங் மாலிமில் 1922-இல் ஆசிரியர் கல்லூரியாகத் தோன்றிய சுல்தான் இட்ரிஸ் நிறுவனம் இன்று பல்கலைக்கழகமாகித் தமிழாசிரியர்களையும் உருவாக்குகிறது. 2009-இல் எஸ்.பி.எம். பாடங்களைப் பத்தோடு நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் எடுக்க முடியாமல் போகுமே என்று நாடு முழுவதும் குரல் எழுந்தது. கடைசியில் பன்னிரண்டு பாடங்களுக்கு அனுமதி கிடைத்தது. கேட்டதால் கிடைத்த உரிமை அது.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அன்று பல வீடுகளில் மூன்றாம் படிவமே பெண்ணுக்கு எல்லை. ஐந்தாம் படிவம் வரை போனவர்கள், பெண்கள் பள்ளி என்பதால் போனார்கள். ஆறாம் படிவம் என்றால் ஆண்களோடு சேர்ந்து படிக்க வேண்டும் என்று தயங்கி நிறுத்திய அத்தாமார் உண்டு. அந்தத் தயக்கத்தை மீறி, தலையில் முக்காடிட்டுக்கொண்டு கலைப்பிரிவில் படித்து ஆசிரியைகளாக வந்த பெண்கள்தாம் அடுத்த தலைமுறையை அறிவியல் பிரிவுக்கு அனுப்பினார்கள். இன்று நம் குடும்பங்களில் மருத்துவர்களாகவும் மருந்தாளர்களாகவும் இருக்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குப் பின்னால் வரலாறோ புவியியலோ படித்த ஒரு தாய் இருப்பார்.

இனி இன்றைய நிலை. 2020 முதல் நான்காம் படிவத்தில் கலை, அறிவியல் என்ற பழைய பிரிவினை எடுக்கப்பட்டுவிட்டது. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் சார்ந்த பாடத் தொகுப்புகள் ஒரு பக்கம். கலை, மானிடவியல் தொகுப்புகள் மறுபக்கம். மாணவர்கள் தேர்ந்தெடுக்கலாம். மூன்றாம் படிவப் பொதுத்தேர்வும் 2022-இல் நிறுத்தப்பட்டது. வரலாற்றுப் பாடத்தில் தேர்ச்சி பெறாமல் எஸ்.பி.எம். சான்றிதழ் இல்லை என்பது 2013 முதல் நடைமுறை. அதாவது ஒரு காலத்தில் மிச்சம் என்று சொல்லப்பட்ட கலைப்பாடம் இன்று மருத்துவராக விரும்பும் பிள்ளையின் வாசலிலும் காவல் நிற்கிறது.

கத்தி போய்விட்டது. ஆனால் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம் கைக்கு வந்துவிட்டது. அன்று பட்டியல் முடிவு செய்தது; இன்று நாம் முடிவு செய்ய வேண்டும். பெற்றோருக்கு விவரம் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்ததையே நம் பிள்ளையும் எடுக்கும். போதிய மாணவர் இல்லாத பாடத்தைப் பள்ளியும் நடத்த முடியாது. யாரும் கேட்காத பாடம் ஓசையில்லாமல் மறைந்துவிடும்.

ஆகவே இந்தப் பொன்விழா மேடையிலிருந்து சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வோர் ஆண்டும் மூன்றாம் படிவ மாணவர்களையும் பெற்றோரையும் அழைத்து ஒரு நாள் வழிகாட்டிக் கூட்டம் நடத்த வேண்டும். எந்தத் தொகுப்பு எடுத்தால் எந்த மேற்படிப்பு, எந்த வேலை என்பதைத் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும். நம் உறுப்பினர்களிடையே பொறியியலாளர் இருக்கிறார், வழக்கறிஞர் இருக்கிறார், கணக்காய்வாளர் இருக்கிறார். வெளியே தேட வேண்டியதில்லை.

இரண்டாவது, தமிழ் வகுப்பு. தேசியப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வழி செய்ய வேண்டும் என்று கல்விச் சட்டமே சொல்கிறது. பதினைந்து கையொப்பம் சேர்ப்பது நம் சங்கத்துக்குப் பெரிய காரியமா? ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் நின்றால் சேர்த்துவிடலாம். எஸ்.பி.எம். தேர்வில் தமிழும் தமிழ் இலக்கியமும் எடுக்கும் பிள்ளைகளுக்குச் சங்கம் ஆண்டுதோறும் பரிசு வழங்க வேண்டும். ஒன்பது ஏ எடுத்த பிள்ளைக்கு மாலை போடும் அதே மேடையில் அவர்களுக்கும் மாலை போடுங்கள்.

மூன்றாவது, நம் கல்வி உதவிநிதி. அதை மருத்துவம், பொறியியல் மாணவர்களுக்கு மட்டும் ஒதுக்காமல் ஆசிரியப் பயிற்சி, சட்டம், வரலாறு, இதழியல், ஓவியம், வடிவமைப்பு படிக்கும் பிள்ளைகளுக்கும் திறந்துவிட வேண்டும். ஒரு சமுதாயத்துக்கு நோய் தீர்க்க ஆள் வேண்டும். அதன் கதையை எழுதவும், உரிமையைக் கேட்கவும், வரலாற்றைக் காக்கவும் ஆள் வேண்டும். நூறாவது ஆண்டு மலரை எழுத நாளைக்கு ஒருவர் வேண்டாமா?

அன்பிற்குரியவர்களே, நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களுக்கு வந்த முதல் இறைச்செய்தி ஓதுவதைப் பற்றியது. எதை ஓத வேண்டும் என்று கலை, அறிவியல் என அங்கே பிரிவு வைக்கப்படவில்லை. நம் பாட்டன்மார் ஓலைக் கொட்டகையில் ஓதினார்கள். நம் அத்தாமார் தோட்டப் பள்ளியில் படித்தார்கள். நாம் பட்டணத்துப் பள்ளியில் படித்தோம். அந்தத் தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிந்துவிட்டன. அங்கிருந்து வந்த படிப்பு மட்டும் நம்மோடு இருக்கிறது. அதை முழுமையாக, தமிழோடு சேர்த்து, ஆண் பெண் பேதமில்லாமல் அடுத்த தலைமுறைக்குக் கொடுப்போம்.

இந்தச் சங்கத்தை நிறுவி மறைந்த பெரியவர்களின் மண்ணறையை அல்லாஹ் ஒளியாக்குவானாக. நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவானாக. ஆமீன்.